ஊசியக்கா கேட்கும் கேள்வி

"எந்தக் கையில எழுதுவீங்க?" என்று கேட்டுக்கொண்டே ரப்பர் பட்டையை எடுப்பாள் ஊசியக்கா. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை. எழுதுகிற கை நோகக் கூடாதென்று மறு கையில்தான் குத்துவாள். பதினோரு வருஷப் பழக்கம். "வலது" என்றால் இரண்டே நிமிஷத்தில் ஆளை அனுப்பிவிடுவாள். கொஞ்ச நாளாக, "இடது" என்று யாராவது வாயைத் திறந்துவிட்டால் போச்சு! விசாரணை ஆரம்பம்.

"சின்ன வயசுல எந்த மாதிரி பென்சில் வச்சிருந்தீங்க? நோட்டை எந்தப் பக்கம் சாய்ப்பீங்க?"

ஊசி ஏறியதுகூடத் தெரியாமல் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பக்கத்து மேசையில் சீட்டு பதிகிறவர் வரிசையைப் பார்த்து, "இடதுகைக்காரர் மாட்டிக்கிட்டாரு. எல்லாரும் நல்லா சாஞ்சு உக்காந்துக்குங்க" என்பார்.

கேட்டதெல்லாம் கோட்டுப் பையில் துண்டுச் சீட்டுகளாகச் சேரும். ஒரு லாரி டிரைவர் சொன்னது: "கம்பிச் சுருள் நோட்டு வேணாங்க்கா, மணிக்கட்டுல குத்தும். மேல்பக்கமா புரட்டுறது வாங்குங்க." ஒரு கணக்கு டீச்சர் சொன்னது: "மாதிரி எழுத்தை இடப்பக்கம் போட்டா குழந்தையோட கையே அதை மறைச்சிடும். வலது ஓரத்துல எழுதிக் குடுங்க." அட, இது இத்தனை நாளாக யாருக்கும் தோன்றவில்லையே!

வேலை முடிந்ததும் நேரே எழுதுபொருள் கடை. முக்கோணப் பென்சில், குட்டைக் கிரேயான், களிமண் என்று எல்லாவற்றையும் மேசையில் பரப்பித் தன் இடது கையாலேயே பிடித்துப் பார்ப்பாள். எழுத்து கோழி கிண்டியது போல் வரும். "வாங்குறதுக்கு முன்னாடியே தீர்த்துடுவீங்க போலிருக்கே" என்று கடைக்காரர் சிரிப்பார். "எழுதிப் பாக்காம எப்படிண்ணே தெரியும்? எனக்கா வாங்குறேன், என் பொண்ணுக்கு" என்பாள். உப்புத்தாள் வாங்கிப்போய், விரலால் தடவிப் பழகுவதற்கு எழுத்து எழுத்தாக அவளே வெட்டுவாள். வெட்டி வெட்டிக் கத்தரிக்கோல் மழுங்கியதுதான் மிச்சம்.

மகளுக்கு ஆறு வயது. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், களைத்து வந்த எரிச்சலில், "சோத்துக் கையால எழுதுடின்னு எத்தனை தடவை சொல்றது!" என்று அந்தப் பிஞ்சு இடது கையில் ஒன்று வைத்துவிட்டாள். ஒரே ஒரு அடி. அன்றிலிருந்து அம்மா முன்னால் அவள் ஓர் எழுத்துக்கூட எழுதுவதில்லை. எதை வாங்கிக் கொடுத்தாலும் சமர்த்தாக வாங்கிக்கொண்டு கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவாள். அம்மாவுக்குத் தெரிவது ஆடும் தோள் மட்டும்தான்.

"ஊரான் கைக்கெல்லாம் பார்த்துப் பார்த்துக் குத்துறேன். பெத்த பொண்ணு எழுதுற கையில அடிச்சிட்டேனே" என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லிச் சொல்லி மாய்வாள். எத்தனை பென்சில் வாங்கினாலும் அது ஆறுமா?

போன வாரம் சாயங்காலம் புதுப் பென்சிலை நீட்டியவள், கையோடு சொல்லியும்விட்டாள்: "அம்மா அன்னைக்கு அடிச்சது தப்புடி கண்ணு. உன் கை நல்ல கை. அம்மாவுக்குத்தான் புத்தியில்ல."

குட்டி பென்சிலை எடுத்துக்கொண்டு வழக்கம்போல் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போனாள். இவள் மேசை முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். வேறென்ன செய்வாள்?

கொஞ்ச நேரம் கழித்துத் தாளும் பென்சிலுமாகப் பெண் திரும்பி வந்தாள். பக்கத்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, எழுத ஆரம்பித்தாள். இடது கையால்தான். பென்சில் தள்ளத் தள்ளத் தாள் வழுக்கிக்கொண்டே போயிற்று. பெண் அதை இழுத்து வைத்தாள். மறுபடியும் வழுக்கியது.

"நகருதும்மா."

அம்மாவின் கை மடியிலேயே கிடந்தது. நீட்டத் துணியவில்லை. பெண்ணே அந்தக் கையைப் பிடித்து இழுத்து, தாளின் மேல் வைத்து, நன்றாக அமுக்கிவிட்டு எழுதத் தொடங்கினாள்.