மாமா வாங்கிய மதர்போர்ட்

பிள்ளைகளே, நான் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். மூன்றாம் படிவம் வரைக்கும்தான் படித்தேன். கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் என் மகள் சொல்லித் தந்தது. அதனால் இதில் ஏதாவது தப்பாக இருந்தால் அவளிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

எஸ்.பி.எம். பரீட்சை முடித்து அவளுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்த சமயம். திரை விரிசல் விட்ட ஒரு கைப்பேசியில்தான் அதுவரை கேம் விளையாடிக்கொண்டிருந்தாள். அசாம் ஜாவா என்கிற ஊருக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. பள்ளித் தோழிகள் எல்லாரும் ஆளுக்கு ஒரு ஊருக்குப் படிக்கப் போகிறார்கள், இனிமேல் சேர்ந்து விளையாட வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் வேண்டும் என்றாள்.

"படிக்கிறதுக்கும் ஆகும்பா."

"விளையாடத்தான்னு சொல்லு, பாக்கலாம்."

"விளையாடத்தான்பா."

கடையில் முழுசாக விற்கிற பெட்டிகள் எங்கள் கைக்கு எட்டவில்லை. சாமான்களைத் தனித்தனியாக வாங்கிப் பூட்டினால் மலிவு என்று அவள் கண்டுபிடித்தாள். சமையலறை மேசையில் என்னை உட்கார வைத்துப் பாடம் எடுத்தாள். கணக்குப் போட்டு வேலை செய்வது பிராசசர், அது ஒரு பிஸ்கட் அளவுதான். அதையும் மற்ற எல்லாவற்றையும் தாங்குகிற பெரிய தட்டுதான் மதர்போர்ட்.

"பிராசசர் செய்யறது ரெண்டு கம்பெனிப்பா. ஒரு கம்பெனியோடத இன்னொரு கம்பெனிக்குச் செஞ்ச போர்டுல வெக்க முடியாது. அது மட்டும் சரியா இருந்துட்டா மத்ததெல்லாம் சமாளிச்சிடலாம்."

சரியாக வாங்க வேண்டும் என்று எனக்கும் புரிந்தது. அதை எப்படி வாங்குவது என்று வழி சொன்னது என் மனைவி. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் ஒரு வீடு அடுப்பு கொடுக்கும், ஒரு வீடு மெத்தை கொடுக்கும், இன்னொரு வீடு பானை சட்டி கொடுக்கும். அதே மாதிரி இதையும் சொந்தங்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் என்ன என்றாள். ஜெராமில் மீன் கடை வைத்திருக்கும் என் அக்கா பிராசசரை ஏற்றுக்கொண்டார். புக்கிட் செந்தோசாவில் பள்ளி பஸ் ஓட்டும் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், மதர்போர்ட் தன் பொறுப்பு என்றார். பெட்டி, எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளை, ஒரு ரேம், பழைய கிராபிக்ஸ் கார்ட் எல்லாம் நாங்கள். எதை வாங்க வேண்டுமென்று மகள் இருவருக்கும் பெயர், நம்பரோடு அனுப்பி வைத்தாள்.

அக்கா மலிவு விற்பனை நாளில் கைப்பேசியிலேயே ஆர்டர் போட்டு, சொன்னதைச் சொன்னபடி வாங்கிக் கொடுத்துவிட்டார். மச்சான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். வெறுங்கையோடு அல்ல. ஒரு வெள்ளித் தட்டில் ஆரஞ்சு, ஆப்பிள், பூ, நடுவில் மதர்போர்ட் பெட்டி. மாமன் சீர் அப்படித்தான் வர வேண்டும் என்பது அவர் எண்ணம். தட்டைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்ட பிறகுதான் உட்கார்ந்தார்.

மகள் பெட்டியைத் திறந்தாள். கறுப்பாக, ஓரமெல்லாம் விளக்கு வைத்த பெரிய போர்டு.

"நீ கேட்டதும் கடையில இருந்துச்சும்மா. பாக்கறதுக்குச் சின்னதா, சாதாரணமா இருந்துச்சு. அதுக்கு மேல உள்ளதைத்தான் வாங்கினேன். கேட்டத மட்டும் வாங்கிக் குடுத்தா அது மாமன் சீரா?"

"அழகா இருக்கு மாமா," என்றாள். பெட்டியை மூடி வைத்தாள்.

அவர் போனதும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அக்கா வாங்கிய பிராசசரின் அடியில் ஊசி ஊசியாகப் பல். மச்சான் வாங்கிய போர்டில் அது உட்கார வேண்டிய இடத்திலும் ஊசிதான். ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் பல் இருந்தால் எங்கே போய்ச் சொருகுவது? மச்சான் வாங்கியது மற்றக் கம்பெனியின் பிராசசருக்குச் செய்த போர்டு.

பிராசசரை மாற்ற வழியில்லை. மலிவில் வாங்கியதைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம். போர்டைத்தான் கடையில் கொடுத்து மாற்ற வேண்டும்.

"சீரத் திருப்பிக் குடுக்கறதா? எங்கண்ணன் அப்புறம் இந்த வாசல மிதிக்க மாட்டாரு," என்றாள் என் மனைவி.

அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. சின்ன வயதில் மகள் மாதா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்கு அவள் மாமாவும் அத்தையும், அதாவது மச்சானும் என் அக்காவும், ஆளுக்கொரு கேக் கொண்டுவந்து, எதை முதலில் வெட்டுவது என்று ஆரம்பித்துப் பல மாதம் பேசாமல் இருந்தவர்கள். வெள்ளைக் கவுனில் இவள் நடுவில் நின்று அழுதது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இப்போது அத்தை வாங்கியது சரி, மாமா வாங்கியது தப்பு என்று ஆனால் என்ன நடக்கும்?

"நான் ஓவர்டைம் பாத்து வேற போர்டு வாங்கிடறேன். மாமாவோடத அலமாரில வெச்சிடலாம்," என்றேன்.

"பெட்டிக்குக் கண்ணாடிக் கதவு லா அப்பா. உள்ள இருக்கறதெல்லாம் தெரியும்." பிராசசரை அதன் உறைக்குள் திரும்ப வைத்தபடி சொன்னாள்: "கம்ப்யூட்டர் லேட்டானாலும் பரவால்ல. அவங்க ரெண்டு பேரும் மறுபடி மூஞ்சியத் திருப்பிக்கிட்டா எனக்கு இது வேணாம்."

சாயந்திரம் அவளே மாமாவுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் நாங்களும் கேட்டோம்.

"மாமா, நீங்க வாங்கினது நல்ல போர்டு. ஆனா அத்தை வாங்கின பிராசசர் அதுல ஒக்காராது."

"அப்ப உங்கத்த தப்பா வாங்கிட்டாங்க."

"இல்ல மாமா. அவங்க நான் கேட்டத வாங்கினாங்க. நீங்க அதுக்கும் மேல வாங்கிட்டீங்க."

"மேல வாங்குனது தப்பா?"

"தப்பில்ல மாமா. ஒண்ணோட ஒண்ணு சேரல, அவ்வளவுதான்."

"சரிம்மா, நான் பஸ் ஓட்டிக்கிட்டு இருக்கேன்," என்று வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் எந்தப் பள்ளிக்கு பஸ் ஓடுகிறது? மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் சிரிக்கவில்லை.

அந்த வாரம் அவரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. குழுவில் தினமும் காலை வணக்கம் போடுகிறவர், அதையும் போடவில்லை. மகள் அடிக்கடி கைப்பேசியை எடுத்துப் பார்ப்பாள், வைத்துவிடுவாள். எனக்கு லோரியில் உட்கார்ந்தாலும் இதே நினைப்பு.

பிறகு ஒரு நாள் மத்தியானம் எங்கள் வாசலில் பள்ளி பஸ் வந்து நின்றது. மச்சான் இறங்கவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"அந்தப் போர்ட எடுத்துக்கிட்டு ஏறும்மா. மாப்பிள்ள, நீங்களும் வாங்க. ஆனா உங்கக்காவுக்கு இது தெரியக்கூடாது."

காலி பஸ்ஸில் நாங்கள் மூவரும் ரவாங்குக்குப் போனோம். அவர் வாங்கிய கடையில் போர்டை மாற்றிக் கொடுத்தார்கள். மகள் கேட்ட போர்டு விலை குறைவு, மீதிப் பணத்தைக் கடைக்காரத் தம்பி நீட்டினார். மச்சான் கையைக் கட்டிக்கொண்டார்.

"சீரு கொறையக்கூடாது. இதுக்கும் ஏதாவது குடுங்க." சுவரில் இருந்ததிலேயே அதிகமாக மின்னிய ஒன்றைக் காட்டினார். பிராசசரைத் தண்ணீரால் குளிர வைக்கிற சாதனமாம்.

"அது நமக்கு வேணாம் மாமா."

"அப்ப எதுன்னு நீயே சொல்லு."

வீட்டில் இருப்பதைப் போலவே இன்னொரு ரேம் போதும் என்றாள். அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இது அந்தப் போர்டுல ஒக்காருமா?"

"ஒக்காரும் அங்கிள்."

"எங்கக்கா ஒரு பிராசசர் வாங்கியிருக்காங்க. அதோட சேருமா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

அக்காவை அவர் 'எங்கக்கா' என்று சொல்லி நான் கேட்டதே அன்றைக்குத்தான். மகள் என் சட்டைக் கையை மெல்ல இழுத்தாள். எனக்கும் கேட்டது என்று தலையாட்டினேன்.

பூட்டுகிற நாளில் இருவரையும் கூப்பிட்டோம். அக்கா ஜெராமிலிருந்து மீனோடு வந்தார். மேசையில் இருந்த போர்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"தட்டுல வெச்சு போட்டோ போட்டீங்களே தம்பி, அது கறுப்பா, பெருசா இல்ல இருந்துச்சு?"

வாட்ஸ்அப் குழுவை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. என் மனைவி மீனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். மகள் திருப்புளியைக் கையில் பிடித்தபடி மாமாவையே பார்த்தாள்.

"மாத்திட்டேன்கா," என்றார் மச்சான். "உங்க பிராசசர் அதுல ஒக்காரல."

"எனக்காக மாத்துனீங்களா?"

"புள்ளைக்காக."

அக்கா நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "சரி, எப்படி ஒக்காருதுன்னு பாப்போம்," என்றார்.

மகள் பிராசசரைப் போர்டின் மேல் மெதுவாக வைத்தாள். அழுத்தவே இல்லை. அது தானாக இறங்கியது. பக்கத்தில் இருந்த சின்னக் கம்பியை மடக்கினாள். மாமாவும் அத்தையும் குனிந்து பார்த்ததில் இரண்டு தலையும் முட்டிக்கொண்டன.

"வெளிச்சத்த மறைக்காதீங்க லா," என்றாள். அந்தக் குரலில் பழைய சந்தோஷம் இருந்தது.

எல்லாம் பூட்டி, திரையை மாட்டி, சுவிட்சைப் போட்டாள். காற்றாடி சுற்றியது. திரை கொஞ்ச நேரம் இருட்டாகவே இருந்து பிறகு எழுத்துகள் வந்தன. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று கம்ப்யூட்டரே சொல்கிற பக்கமாம் அது.

"என் போர்டு பேரு மேல இருக்கு," என்றார் மச்சான்.

"மேல இருந்தா என்ன தம்பி? என்னோடதுக்கு எத்தன நம்பர் போட்டிருக்கான் பாருங்க."

"கீழ ரேம் ரெண்டு இருக்கே, அதுல ஒண்ணும் என்னோடதுதான்."

"அப்ப எனக்கு ஒண்ணுதானா? அடுத்த மலிவு எப்பன்னு பாரும்மா."

மகள் சிரித்துக்கொண்டே இருவரையும் திரைக்கு இரண்டு பக்கமும் நிற்க வைத்துப் படம் எடுத்துக் குழுவில் போட்டாள். மீன் ஆறுகிறது, சாப்பிட வாருங்கள் என்று சமையலறையிலிருந்து சத்தம் வந்தது.

அவர்கள் போன பிறகு நான் திரைக்குக் கிட்டே போய் நின்றேன். நான் வாங்கிய பவர் சப்ளையின் பெயரைத் தேடிப் பார்த்தேன். எங்கும் காணோம்.

"அது இதுல வராதுப்பா," என்றாள் மகள், என் தோளில் சாய்ந்துகொண்டு.