எங்களோடு சாப்பிட்ட டீச்சர்

மகளின் பள்ளியில் ‘அன்பு வாரம்’ பதாகைக்குக் கீழே, படிக்கட்டில் ஓர் இளம் ஆசிரியை தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நெத்திலி வறுவல் மணத்தது.

காசிமேட்டுக்காரரான எங்கள் ஐந்தாம் வகுப்பு டீச்சரும் நெத்திலிதான் கொண்டுவருவார். எங்களோடு தரையில் உட்கார்ந்து, ஆளுக்கொன்று கொடுத்துவிட்டுச் சாப்பிடுவார்.

“எங்க டீச்சர் எங்ககூடதான் துன்னும்!” என்று பக்கத்து வகுப்பிடம் பீற்றிக்கொள்வோம். காலாண்டுத் தேர்வு முடிந்த மறுவாரம், பள்ளி ஆயா பொறுக்கமாட்டாமல் சொன்னார்: “இன்னாடா பீத்திக்கினு கீறீங்க? கவுச்சி நாறுதுன்னு டீச்சருங்க ரூம்லருந்து அவங்கள தொரத்திட்டாங்கடா.”

அது டீச்சர் காதிலும் விழுந்தது. மறுநாள் தயிர்சாதம் கொண்டுவந்தார். ஆசிரியர் அறையில் இடம் கிடைத்தது. எங்களோடு சாப்பிட அதன்பின் அவர் வரவேயில்லை.

நான் நின்றுவிட்டதைப் பார்த்த இளம் ஆசிரியை அவசரமாக டப்பாவை மூடினார். “சாரி சார், வாசன ரொம்ப வருதா?”