பிரஷர் அக்கா

சந்திரலேகாவின் பையில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று எப்போதும் இருக்கும். அவள் வேலைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மனநல மாத்திரைகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அவள் வேலை. அதை வெளியே சொன்னால் ஒரு கதவும் திறக்காது என்பதால் முதல் வருஷமே கருவியை வாங்கிவிட்டாள். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை அவள் பெயர் பிரஷர் அக்கா. தெருவில் யார் கையை நீட்டினாலும் பார்த்துச் சொல்லியாக வேண்டும். ஒன்பது வருஷத்தில் அந்த வேலையிலும் தேறிவிட்டாள்.

அவள் வேலை பார்க்கும் அறக்கட்டளைக்கு வாய்த்த மருத்துவர் ஒருவர்தான். அவரும் செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார். மற்ற நாட்களில் இரண்டு ஊருக்கும் சேர்த்துச் சந்திரலேகாதான்.

அவள் பயப்படுவது கல்யாணத்துக்கு. மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு வரன் வந்ததும் வீட்டில் முதலில் அதை நிறுத்துவார்கள், பத்திரிகை அடிப்பதெல்லாம் அப்புறம்தான். போன வருஷம் ஒரு பெண் அப்படித்தான் தாலி கட்டிய இருபதாம் நாள் பிறந்த வீட்டுக்குத் திரும்பினாள். இன்னும் யாரோடும் பேசுவதில்லை. அவளை நினைத்தால் சந்திரலேகாவுக்குச் சோறு இறங்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில், அவளிடம் மாத்திரை வாங்கும் சுவேதாவின் வீட்டு வாசலிலேயே அவளை மறித்தாள், சுவேதாவின் அம்மா சின்னம்மாள்.

"இன்னிக்கி பொண்ணு பாக்க வராங்க. மாத்திர இனிமே வாணாம், நிறுத்திட்டோம்."

"எப்பலேருந்து?"

"நேத்துலேருந்து."

ஒருநாள்தானே என்று சந்திரலேகா மூச்சு விடுவதற்குள் கார் வந்து நின்றது. வேறு வழியில்லாமல் சின்னம்மாள் அவளைப் பெண்ணின் சித்தியாக்கிக் கூடத்தில் உட்காரவைத்தாள்.

மாப்பிள்ளை பாலகுமாரோடு இறங்கிய அவன் அம்மாவைச் சந்திரலேகாவுக்கு நன்றாகத் தெரியும். கடலூர் செம்மண்டலத்து ரத்தினம்மாள். தங்கை செத்த பிறகு சாப்பிடாமல் தூங்காமல் கிடந்தவளை மூன்று வருஷமாகச் சந்திரலேகா கொடுக்கும் மாத்திரைதான் நடமாட வைத்திருக்கிறது. மகன் அதைப் பிரஷர் மாத்திரை என்று நம்பிக்கொண்டிருக்கிறான். அவன் வேலைக்குப் போன பிறகுதான் சந்திரலேகா அந்த வீட்டுக்குப் போவாள். இப்போது இருவரும் முன்பின் தெரியாதவர்களாக வணக்கம் சொல்லிக்கொண்டார்கள்.

சுவேதா காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டு நேராக ரத்தினம்மாளைப் பார்த்தாள்.

"நான் நாலு வருஷமா மனசுக்கு மாத்திர சாப்புடுறேங்க. நேத்துலேருந்து அம்மா குடுக்கல. கல்யாணத்துக்கு அப்புறமும் எனக்கு அது வேணும். இவுங்க என் சித்தி இல்ல, மாத்திர குடுக்குற அக்கா."

சின்னம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். பாலகுமார் பாதி பஜ்ஜியோடு அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். சந்திரலேகாவுக்குப் பெருமையாகவும் இருந்தது, வரன் போச்சே என்று அழுகையும் வந்தது.

ரத்தினம்மாள் காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்து முடித்து டம்ளரை வைத்தாள்.

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடிங்க."

"எனக்கும் பின்னாடிதான்."

"ஒனக்கு பிரஷர் மாத்திரதானேம்மா?" என்றான் பாலகுமார்.

"பிரஷரும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்கும் இவுங்கதான்டா குடுக்குறாங்க." பிறகு சந்திரலேகா பக்கம் திரும்பினாள். "என்னம்மா பாத்துக்கிட்டு இருக்க? நேத்தே விட்டுப் போச்சாம். எடுத்துக் குடு."

சந்திரலேகா பையைத் திறந்தாள். மேலே கிடந்த கருவியை ஒதுக்கிவிட்டு, நாலு பேர் பார்க்க, மாத்திரையை எடுத்து சுவேதா கையில் கொடுத்தாள்.