துண்டு எழுதாத டொக்டர்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, துண்டு எழுதாத டொக்டர் வீடு எது என்று கேட்டால் எந்தக் கடைக்காரரும் எங்கள் வீட்டைக் காட்டுவார். மற்ற டொக்டர்மார் நோயாளியைப் பார்த்துவிட்டு, மருந்தை வெளியே வாங்கிக்கொள்ளச் சொல்லி ஒரு துண்டில் எழுதிக் கொடுப்பார்கள். அப்பாவிடம் அந்தப் பேச்சே கிடையாது. அவர் வாங்கும் சொற்பக் காசுக்குள் பார்ப்பதும் மருந்தும் அடக்கம். முன்னறையில் அப்பா பார்ப்பார், அலுமாரிக்குப் பக்கத்தில் நின்று அம்மா குளிசைகளை உறையில் போட்டுக் கொடுப்பார். ஊரில் பாதிப்பேருக்கு அப்பா தெய்வம். அம்மா மட்டும் அந்தப் பக்தர் கூட்டத்தில் சேரவில்லை.

மருந்து விலை தாறுமாறாக ஏறிய வருடம் வீட்டில் அதே வாக்குவாதம்தான்.

"ஒண்ணு காசக் கூட்டுங்க, இல்லாட்டி மத்தவங்க மாதிரி துண்டு எழுதிக் குடுங்க" என்பார் அம்மா.

"துண்டக் குடுத்தா மடிச்சு வச்சுக்கிட்டு பஸ் ஏறிருவாங்க. பார்மசிப் பக்கமே போக மாட்டாங்க" என்பார் அப்பா. அதுவும் பொய்யில்லை.

கடைசியில் அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். காசு ஏறாது, மருந்து நாள்தான் குறையும். யாருக்கும் எந்த மருந்தும் மூன்று நாளைக்கு மட்டும். சுகமாகாவிட்டால் திரும்பி வரலாம், மறுபடி காசில்லை. இதைவிட நியாயமான ஏற்பாடு உலகத்திலேயே இல்லை என்று அவர் நம்பினார். நான் சின்னப் பெண், அப்பா சொன்னதையெல்லாம் நம்பினேன்.

குண்டசாலையிலிருந்து அத்தை தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தது அந்தச் சமயத்தில்தான். அவளுக்குத் தொண்டை நோவு, நல்ல காய்ச்சல். என் வயதுக்காரி, ஒரே வகுப்பு, ஓட்டப் போட்டி என்று வந்தால் பையன்களையே பின்னால் விட்டுவிடுவாள். அப்பா டோர்ச் அடித்து அவள் தொண்டையைப் பார்த்துவிட்டு, "மூணு நாளைக்கு" என்றார்.

அத்தை குரலைத் தாழ்த்தி, "அண்ணா, இவளுக்காவது கொஞ்சம் கூடக் குடுங்களேன்" என்றார்.

"ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்துல இருந்து வர்ற புள்ளைக்கு மூணு நாள், என் தங்கச்சி மகளுக்கு மட்டும் பத்து நாளா?"

முறைக்குக் காத்து நீள வாங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருக்கும் அது கேட்டது. ஒரு பெரியவர் தலையை ஆட்டி ரசித்தார். அம்மா உறையைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவையே பார்த்தார். பிறகு மூன்று நாளைக்கு உரியதைப் போட்டு ஒட்டினார். அந்தத் தொண்டை நோவுக்கு, வலி விட்ட பிறகும் பத்து நாள் மருந்து போக வேண்டும் என்பது அப்பாவுக்குத் தெரியாததல்ல.

மூன்றாம் நாள் அவள் எழுந்து ஓடித் திரிந்தாள். சுகமான பிள்ளையை யார் திரும்ப டொக்டரிடம் கூட்டி வருவார்கள்? சில வாரம் கழித்து முழங்கால் வீங்கியது. அது வற்ற, கணுக்கால் வீங்கியது. விளையாட்டுப் போட்டிக்குப் பழகியதால் வந்த வலி என்று அத்தை தைலம் தேய்த்தார். நடந்தால் மூச்சு வாங்குகிறது என்றதும்தான் கண்டி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். காய்ச்சல் இதயத்தைத் தொட்டுவிட்டது, வால்வு ஒன்று கெட்டுப்போய்விட்டது என்றார்கள்.

அவள் அதன் பிறகு ஓடவில்லை. பல வருடம் மாதாமாதம் ஊசி போட்டார்கள், இரண்டு தடவை நெஞ்சைத் திறந்தார்கள். இப்போதும் எங்கள் வீட்டுப் படியேறும்போது பாதியில் நின்று, ஏதோ பூச்செடியைப் பார்ப்பவள் மாதிரி பாசாங்கு செய்வாள். அப்பா மேல் எனக்குக் கோபம் வர வேண்டும். அவர் காசுக்கு ஆசைப்பட்டுச் செய்திருந்தால் வந்திருக்கும். வருத்தம்தான் வருகிறது, அதை யார் மேல் போடுவது என்றும் தெரியவில்லை.

அன்று அவளைக் கண்டி ஆஸ்பத்திரியில் முதன்முதலாகப் படுக்க வைத்திருந்தபோது, பார்க்க அப்பாவோடு நானும் போனேன். யாழ்ப்பாணத்துப் பெண் டொக்டர் ஒருவர் கட்டிலருகே வந்து அத்தையிடம் கேட்டார்.

"முதல் தொண்டை நோவுக்கு ஆர் மருந்து தந்தது? எத்தினை நாளைக்கு?"

அத்தை அப்பா பக்கம் திரும்பவே இல்லை. "பக்கத்துல ஒரு டிஸ்பென்சரி, டொக்டர். பேரு ஞாபகமில்ல."

எனக்குச் சுருக்கென்றது. ஊரே கொண்டாடும் சொந்த அண்ணனை, இத்தனை பேர் முன்னால் தெரியாது என்கிறாரே!

"அரைகுறையா மருந்து குடுக்கிற ஆக்களாலதான் பிள்ளையளுக்கு இப்பிடி வருகுது" என்றார் டொக்டர்.

அப்பா ஓரடி முன்னால் வந்தார். "நான்தான் குடுத்தேன். மூணு நாளைக்கு" என்றார்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. நிமிர்ந்து நின்று, பக்கத்துக் கட்டில்காரர்கள் அதைக் கேட்டார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பெருமையோடு பார்த்தேன்.