விமானி சுற்றிவந்த லாரி

சங்ககிரியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ராணுவ விமானமும் பிறகு பயணிகள் விமானமும் ஓட்டி ஓய்வுபெற்றவர். கிளம்புமுன் விமானத்தைச் சோதிப்பதுபோல, ஸ்கூட்டரைக்கூட ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து லாரி கிளப்புகிறவன் நான். அவருடைய பதினாறாம் நாள் காரியத்தில் அந்த நடையை நடித்துக்காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தேன்.

அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. “உன்ற லாரியவும் தெனமும் சுத்திப் பாப்பாரு சாமி. சக்கரத்துல நட்டு லூசா இருந்தா அவரே முடுக்குவாரு. சொன்னா நீ கேலி பேசுவீன்னு சொல்லமாட்டாரு” என்றார்.

மறுநாள் காலையில் பழத்தை வைத்தபிறகு, முதல்முறையாக என் லாரியைச் சுற்றிவந்தேன். பின்சக்கரத்தில் இரண்டு நட்டுகள் விரலுக்கே சுழன்றன.

அவர் போனபிறகு இந்தப் பதினாறு நாளும் அப்படியேதான் ஓட்டியிருக்கிறேன். நிமிர்ந்து அந்த வீட்டைப் பார்க்கக் கூசியது.