படுத்துக்கிட்டே போற சீட்டு

பில் மேசைக்கு வருவதற்குள் அவருடைய கை நீண்டுவிடும். சாப்பிட்டது பன்னிரண்டு பேர், அதில் பாதிப்பேர் ஒன்றுவிட்ட சொந்தம். ஆனாலும் "யாரும் பர்ஸை எடுக்காதீங்க, நான் போட்டுடறேன்" என்று கார்டை நீட்டுவார். என்ன தாராள மனசு என்று புதுச் சம்பந்தி வீட்டார் உருகி முடிப்பதற்குள், "அவங்கவங்க பங்கை என் கையில குடுத்துடுங்க" என்பார். கார்டில் பாயின்ட் ஏறிவிட்டால் போதும், சாப்பாடு ருசித்ததா என்றுகூட அவருக்குக் கவலை இல்லை.

பல் மருத்துவமனை ஒன்றின் முன்மேசையில் உட்கார்ந்து, இருபத்திரண்டு வருடமாக வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறவர் அவர். நோயாளிகள் வைத்த பெயர் அப்பாயின்ட்மென்ட் அக்கா. நேரம் குறிக்காமல் உள்ளே நுழைபவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லமாட்டார். உள்ளங்கையை உயர்த்திக் காட்டுவார். கன்னம் வீங்கிய பயில்வானும் அதற்குமேல் ஓர் அடி வைத்ததில்லை. நேரம் குறித்துவிட்டுச் சொல்லாமல் வராமலிருந்துவிடுகிறவர்களைக் கண்டால்தான் ஆகாது. "கேன்சல் பண்றதுன்னா ரெண்டு நாள் முன்னாடி வாயைத் திறந்து சொல்லணும். பல்லு வலிச்சா மட்டும் நல்லாத் திறக்கறீங்கல்ல?"

ரொக்கம் கட்டுகிறவர்களிடம் மட்டும் தேன் ஒழுகும். டாக்டரின் சம்மதத்தோடு அந்த ரொக்கத்தைத் தான் வாங்கிக்கொண்டு, தன் கார்டைத் தேய்ப்பார். முழு பல்செட்டுக்குப் பணம் கட்டிய பெரியவர் படியிறங்கியதும், "நல்ல மனுஷன். எனக்குப் போர்வையும் தலகாணியும் வந்தாச்சு" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

கார்டில் சேரும் பாயின்டுக்கு விமான டிக்கெட் தருவார்கள்; போர்வையும் தலையணையும் அந்த விமானத்தில் கிடைக்கப்போகிறவை. மகள் கல்யாணமாகிப் போயிருப்பது பதினாறு மணி நேரப் பயண தூரத்தில். ஒருமுறை பார்க்கப் போய் இறங்கியவர், நாற்காலியிலேயே தேய்ந்த இடுப்போடு மூன்று நாள் கேள்விக்குறியாக வளைந்து நடந்தார். அந்தப் பயணத்தில் ஏறும்போதுதான் பார்த்தார், முன்பக்கம் பிஸினஸ் கிளாஸில் மனிதர்கள் காலை நீட்டிப் படுத்திருந்ததை. "அடுத்த தடவை அவ பிரசவத்துக்குத்தான் போவேன். படுத்துக்கிட்டேதான் போவேன். போய் இறங்கினதும் பிள்ளையைத் தூக்க இடுப்பு வேணுமில்ல?"

அதற்கு ஒத்திகையும் உண்டு. மதியம் டாக்டர் சாப்பிடப் போனதும் பல் பிடுங்கும் நாற்காலியில் ஏறிப் பொத்தானை அழுத்துவார். அது மெல்லப் பின்னால் சாயும். கண்ணை ஒரு துணியால் மூடிக்கொள்வார். வாய் கொப்பளிக்கிற கப்பில் ஆரஞ்சு ஜூஸ் இருக்கும். பர்ஸை மறந்துவிட்டுத் திரும்பி வந்த டாக்டர் ஒரு நாள் பதறிப்போய், "எந்தப் பல்லுக்கா?" என்றார். அக்கா துணியை விலக்கவில்லை. "கடலுக்கு மேல இருக்கோம் டாக்டர். இறங்க இன்னும் ஏழு மணி நேரமாகும்."

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். பாயின்டுக்குத் தரும் பிஸினஸ் கிளாஸ் சீட்டு விமானத்துக்கு ஒன்றோ இரண்டோ. பதினோரு மாதத்துக்கு முன்னால் திறப்பார்கள், திறந்த அன்றே போய்விடும். குழந்தையோ பத்து மாதத்தில் வந்துவிடுகிறது. "அந்த ஒரு மாசம்தான் இடிக்குது" என்று அக்கா புலம்ப, பஸ் டிப்போவில் டயர்களோடு காலம் தள்ளி ஓய்வு பெற்ற கணவர், "அப்ப உண்டாகறதுக்கு முன்னாடியே டிக்கெட் போட்டு வை" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். அக்கா அதை நல்ல யோசனையாக எடுத்துக்கொண்டார்.

பதினோரு மாதம் தள்ளி ஒரு சீட்டுப் போடுவார். இரண்டு மாதம் பார்ப்பார். சேதி வராவிட்டால் அதை ரத்து செய்துவிட்டு, இன்னும் தள்ளி ஒன்று போடுவார். இப்படியே நாலு வருடம் ஓடியது. ரத்து செய்கிற அன்று மட்டும் அக்கா நோயாளிகள் யாரையும் திட்டமாட்டார்.

கணவர் ஒரு நாள் போனில் உளறிவிட்டார். மகள் வெடித்தாள். "மாசாமாசம் நான் இங்க அழுதுட்டிருக்கேன், நீ அங்க தேதி குறிச்சிட்டிருக்கியா? என் வயிறு என்ன உன் கிளினிக்காம்மா?" அக்காவுக்கு அவமானமாக இருந்தது. கையிலிருந்த சீட்டை அன்றே ரத்து செய்தார், மறுபடி போடவில்லை. மதியத்தில் பல் நாற்காலி காலியாகவே கிடந்தது. "என்னக்கா, இன்னிக்கு ஃப்ளைட் இல்லையா?" என்று டாக்டர் கேட்டும் பார்த்தார்.

அடுத்த வருடம் மகளே கூப்பிட்டாள். "அம்மா, நாலாவது மாசம். இப்ப போடு உன் சீட்டை." அக்கா அழுது முடித்து, விமான கம்பெனிக்காரர்களை இரண்டு வாரம் போனிலேயே துளைத்தெடுத்து, யாரோ விட்ட சீட்டு ஒன்றைப் பிடித்தார். நாலாவது வரிசை, ஜன்னல் ஓரம்.

குழந்தைதான் அக்காவிடம் நேரம் குறிக்காமல், ஐந்து வாரம் முன்னதாகவே வந்துவிட்டது. அன்றைக்கே கிளம்பும் விமானத்தில் இருந்தது கடைசி வரிசை, நடு சீட்டு, கழிப்பறைச் சுவரை ஒட்டி, சாயாது. "மேடம், அந்த பிஸினஸ் கிளாஸ் சீட்டை விட்டா மறுபடி கிடைக்காது" என்றாள் போனில் இருந்த பெண். "போகட்டும்மா. எனக்கு அப்பாயின்ட்மென்ட் மாறிடுச்சு."

முன்பக்கம் வழியாகத்தான் ஏறவேண்டியிருந்தது. நாலாவது வரிசை ஜன்னலோரம் ஒருவர் சீட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அக்கா நின்றார். "கைப்பிடிக்குக் கீழ பொத்தான் இருக்கு பாருங்க. அதை அமுக்கினா முழுசாப் படுக்கும்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் பின்னால் நடந்தார்.

ஆஸ்பத்திரி அறையில் துணைக்கு இருப்பவர்களுக்கென்று ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். அக்கா உட்கார்ந்திருந்தது பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில். இரண்டு கிலோ பேத்தி அவர் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு தூங்கினாள்.

"பதினாறு மணி நேரம் உக்காந்தே வந்திருக்கே. கட்டில் காலியாத்தானே இருக்கு, கொஞ்சம் படும்மா" என்றாள் மகள்.

அக்கா ஒரு கையை மட்டும் மெல்ல விடுவித்து, உள்ளங்கையை உயர்த்திக் காட்டினார்.