தோல்கோட்டுகளைப் பிடித்தவர்

இந்தோனேசியாவின் பாண்டுங் நகரத்தில் கிதார் தூக்கிய பையன்களெல்லாம் குகுனை அண்ணன் என்று கூப்பிட்ட காலம் ஒன்று இருந்தது. பள்ளித் தோழர்களைச் சேர்த்து ராக் குழு தொடங்கியவர் அவர்தான். எந்தக் கம்பெனி வாசலிலும் போய் நிற்காமல், கேசட்டைத் தாங்களே பதிந்து துணிக்கடைகளில் வைத்து விற்றார்கள். தலைக்கனம் ஏறாமல் இருக்குமா?

இரண்டாம் வருடமே டிரம்ஸ்காரன் கல்யாணம் கட்டிக்கொண்டு சுமத்ராவுக்குப் போய்விட்டான். அந்த இடத்துக்கு வந்தவர் யாயன். வாசிப்பில் புலி. ஆனால் அதுவரை கல்யாண வீடுகளில் டாங்டுட் என்ற குத்துப்பாட்டுக்குக் கொட்டியவர். அதுதான் குகுனுக்கு உறுத்தியது.

"கல்யாண மேளக்காரனப் போய் நம்ம ஆளுன்னு எப்படிடா சொல்றது? அடிஷனலாவே இருக்கட்டும்" என்றார் பாடகன் ஹில்மானிடம்.

அடிஷனல் என்றால் மேடையில் எல்லாப் பாட்டுக்கும் வாசிக்கலாம். குழுவின் படத்தில் மட்டும் நிற்கக்கூடாது. படம் எடுக்கும்போதெல்லாம் யாயன் மற்றவர்களின் தோல்கோட்டுகளைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு கேமராவுக்குப் பின்னால் நிற்பார். ஒன்பது வருடம். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதனாலேயே அது தப்பென்று குகுனுக்குப் படவில்லை.

பிறகு மாமனாரின் நச்சரிப்பு தாங்காமல் குகுன் ஜகார்த்தாவுக்கு வங்கி வேலைக்குப் போனார். அவர் கிளம்பிய அதே மாதம் ஹில்மான் யாயனைக் குழுவில் சேர்த்துக்கொண்டான். அதன்பின் யார் யாரோ வந்தார்கள், போனார்கள்; குழு மட்டும் நின்றுபோகவில்லை. புதுப் படங்களை வங்கி மேஜையடியில் செல்போனில் பார்த்துப் பார்த்துக் குகுன் உள்ளுக்குள் வெந்தார். தன் இடத்தை விட்டதற்கும், யாயனுக்கு இடம் கொடுக்காததற்கும் சேர்த்துத்தான்.

பதினான்கு வருடம் கழித்து ஹில்மான் அழைத்தான்.

"நம்ம கிதார்காரன் பைக்குல விழுந்து கைய ஒடச்சுக்கிட்டான்டா. ஒரே ஒரு கச்சேரி. வர்றியா?"

'ஒரே ஒரு' என்பது குகுன் காதில் ஏறவே இல்லை. திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள் என்று மனக்கோட்டை கட்டிக்கொண்டு வந்தார். யாயனிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றும் நினைத்திருந்தார். ஒத்திகையின் நடுவே யாயன் பொரித்த மீனுருண்டையான பத்தாகோர் தட்டை நீட்டி, "சாப்பிடுங்கண்ணே, ஆறிடப்போவுது" என்றபோது தட்டை வாங்கிச் சாப்பிடத்தான் முடிந்தது.

கச்சேரிக்கு முன் படம் எடுக்க வந்த பெண் கேட்டாள்: "இதுல அடிஷனல் யாரு? கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா?"

குகுன் ஹில்மானைப் பார்த்தார். ஹில்மான் தரையைப் பார்த்தான்.

"நீ போட்ட சட்டம்தாண்டா" என்று முனகினான்.

குகுன் விலகினார். யாயன் தன் தோல்கோட்டைக் கழற்றுவதைக் கண்டதும் அவர் கை தானாக நீண்டது. "குடு யாயன், நான் வச்சிருக்கேன்."

"வேணாம்ண்ணே." யாயன் கோட்டை மடித்துத் தரையில் வைத்தார். "ரொம்ப நேரம் எடுப்பாங்க. கை கடுக்கும்."

குகுன் வெறுங்கையோடு கேமராவுக்குப் பின்னால் போய் நின்றார்.